தீர்ப்பு வந்தும் கப்பல்கள் போகவில்லை: தென்சீனக் கடலில் ஒழுங்கு எங்கிருந்து வரும்?

கேள்வி இதுதான்: "பிலிப்பைன்ஸ் 2016-லேயே சீனாவுக்கு எதிரான வழக்கில் ஜெயித்துவிட்டது. அப்படியும் சீனக் கப்பல்கள் பிலிப்பைன்ஸ் படகுகள் மேல் தண்ணீர் பீய்ச்சி அடிப்பது நிற்கவில்லை. அந்தத் தீர்ப்பால் என்ன பயன்? ஆசியான் (தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு) நாடுகள் சீனாவோடு பேசிக்கொண்டிருக்கும் நடத்தை விதிகள் வந்தால் பிரச்சினை தீருமா?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பால் பயன் உண்டு, அதுவும் பெரிய பயன். ஆனால் சீனக் கப்பல்கள் நிற்கும் இடத்தில் அது தெரியாது. சீனாவின் அண்டை நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் எல்லைக்கோடுகளில்தான் தெரியும். நடத்தை விதிகளைப் பொறுத்தவரை, அந்த ஒரே ஆவணத்துக்காக இருபது வருடங்களுக்கு மேல் காத்திருந்ததில் இந்த வட்டாரம் நிறைய இழந்திருக்கிறது என்பது என் கருத்து. இனி விரிவாக.

தென்சீனக் கடலில் இரண்டு தகராறுகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று நிலத் தகராறு: ஸ்ப்ராட்லி, பாராசெல், ஸ்கார்பரோ என்ற பெயர்களில் அடிபடும் பாறைகளும் மணல்திட்டுகளும் யாருக்குச் சொந்தம்? இன்னொன்று கடல் தகராறு: அந்தப் பாறை யாருடையதாகவே இருக்கட்டும், அதைக் காட்டி எவ்வளவு கடலை உரிமை கொண்டாடலாம்? செய்திகளில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால்தான் 2016-இல் நடந்தது புரியும்.

நிலத் தகராறின் வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. போர்க்காலத்தில் ஜப்பான் இந்தத் தீவுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1951 சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் ஸ்ப்ராட்லி, பாராசெல் மீதான எல்லா உரிமைகளையும் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தது. யாரிடம் ஒப்படைக்கிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த மாநாட்டுக்குப் பீஜிங்கையும் அழைக்கவில்லை, தைபேயையும் அழைக்கவில்லை. சீனர்களுக்கு இன்றுவரை இருக்கும் ஆதங்கத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

அதற்கு நான்கு வருடம் முன்பு, 1947-இல், அன்றைய சீனக் குடியரசு அரசாங்கம் பதினொரு துண்டுக் கோடுகளால் தென்சீனக் கடலை வளைத்து ஒரு வரைபடம் வெளியிட்டிருந்தது. பின்னால் வந்த கம்யூனிஸ்ட் அரசு டோங்கின் வளைகுடாவில் இருந்த இரண்டு கோடுகளை எடுத்துவிட்டது. மிச்சம் ஒன்பது. கோட்டுக்குள் இருக்கும் தீவுகள் மட்டும் தன்னுடையவையா, தண்ணீரும் மீனும் எண்ணெயும் சேர்த்தா என்று சீனா தெளிவாகச் சொன்னதே இல்லை. 2009 மே மாதம் ஐ.நா.வுக்கு அனுப்பிய கடிதத்தோடு அந்த வரைபடத்தை இணைத்ததும்தான் பக்கத்து நாடுகள் திடுக்கிட்டன.

இதற்கிடையே தரையில் ஒவ்வொன்றாக கைமாறிக்கொண்டிருந்தது. 1974 ஜனவரியில் பாராசெலின் மேற்குப் பகுதியைத் தென் வியட்நாமிடமிருந்து சீனா பிடித்தது. 1988 மார்ச் 14-இல் ஜான்சன் தெற்குத் திட்டில் நடந்த மோதலில் 64 வியட்நாமியர்கள் செத்தார்கள். 1995-இல் பிலிப்பைன்ஸுக்கு அருகே மிஸ்சீஃப் திட்டில் சீனக் கட்டுமானங்கள் தெரியவந்தன. 2012-இல் ஸ்கார்பரோ பிலிப்பைன்ஸின் கையை விட்டுச் சீனாவிடம் போனது. ஆனால் ஒரு பக்கக் கதையாக இதைப் படிக்கக் கூடாது. வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா, தைவான் எல்லோருமே ஸ்ப்ராட்லியில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். எண்ணிக்கையில் வியட்நாமிடம்தான் அதிகம். 2021-க்குப் பிறகு வியட்நாமும் மணல் கொட்டி வேகமாக நிலம் உண்டாக்கி வருகிறது.

சரி, வழக்குக்கு வருவோம். 2013 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் நடுவர் மன்றத்துக்குப் போனது. பாறைகள் யாருக்குச் சொந்தம் என்று அது கேட்கவில்லை. கேட்டிருந்தால் மன்றத்துக்கு அதிகாரமே இருந்திருக்காது. கடல் தகராறை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். இதை நான் மிகத் திறமையான வழக்காடல் என்று நினைக்கிறேன். சீனா கலந்துகொள்ளவில்லை. கடல் எல்லை பிரிப்பது, ராணுவ நடவடிக்கை போன்றவற்றில் கட்டாய விசாரணை வேண்டாம் என்று 2006-இலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம், இந்த வழக்கு உண்மையில் இறையாண்மை பற்றியதுதான், ஆகவே மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பது சீனாவின் வாதம். 2015-இல் மன்றம் அதைப் பரிசீலித்து, ஏழு கேள்விகளை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்றும், மற்றவற்றில் அதைப் பிறகு முடிவு செய்வதாகவும் சொன்னது. 2016 ஜூலை 12-இல் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பில் பலரும் மேற்கோள் காட்டுவது, ஒன்பது கோட்டுக்குள் வரலாற்று உரிமை என்ற பேச்சுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்ற பகுதியை. ஆனால் என் பார்வையில் அதைவிடக் கனமான பகுதி வேறொன்று. கடல் சட்டப்படி, அலை ஏறும்போதும் மூழ்காமல் நிற்கும் வெறும் பாறைக்குச் சுற்றிலும் 12 கடல் மைல் மட்டும்தான். மனிதர் குடியிருந்து பிழைக்கக்கூடிய முழுமையான தீவுக்கு 200 கடல் மைல். அலை இறங்கும்போது மட்டும் தலைகாட்டும் திட்டுக்குத் தனியாக எதுவும் இல்லை. அதன் மேல் எத்தனை லாரி மணலைக் கொட்டி விமான ஓடுதளம் போட்டாலும் அந்தத் தகுதி மாறாது. ஸ்ப்ராட்லியில் ஒன்றுகூட 200 மைல் தகுதி உள்ள தீவு இல்லை என்று மன்றம் சொல்லிவிட்டது. அங்கே இயற்கையாக அமைந்தவற்றில் பெரியது இட்டு அபா, தைவான் வசம் உள்ளது. நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது, காய்கறி விளைகிறது என்றெல்லாம் தைவான் சொல்லிப் பார்த்தது. அதற்கும் இல்லை என்றுதான் பதில்.

கணக்குப் போட்டால் இதன் எடை தெரியும். 12 கடல் மைல் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 1,550 சதுர கி.மீ. 200 கடல் மைல் ஆரம் என்றால் சுமார் 4,31,000 சதுர கி.மீ. தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஒரு பாறைக்காகக் கப்பல்கள் முட்டிக்கொள்வதற்குப் பெரிய காரணமே இந்த வித்தியாசம்தான். மன்றம் பெரிய வட்டத்தை அழித்துவிட்டு சின்ன வட்டத்தை மட்டும் விட்டுவைத்தது. அதாவது, பாறைகள் யாருக்கு என்ற சண்டை இன்னும் நூறு வருடம் நீடித்தாலும் அது அந்தச் சின்ன வட்டங்களுக்குள் அடங்க வேண்டிய சண்டை. நடுவில் இருக்கும் பரந்த கடலைக் கரையோர நாடுகள் கரையிலிருந்து அளந்து பிரித்துக்கொள்ளலாம்.

சீனா இதை ஏற்கவில்லை. செல்லாது என்று அன்றே சொல்லிவிட்டது. 2013 இறுதியிலிருந்து ஏழு திட்டுகளில் சுமார் 13 சதுர கி.மீ. அளவுக்கு மணல் கொட்டி, ஃபியரி கிராஸ், சூபி, மிஸ்சீஃப் மூன்றிலும் நீண்ட ஓடுதளங்கள் கட்டிவிட்ட நிலையில் அது பின்வாங்கும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. தீர்ப்பை அமல்படுத்தப் போலீஸ் கிடையாது. தீர்ப்பை மதிக்கச் சொல்லும் அமெரிக்கா அந்தக் கடல் சட்ட உடன்படிக்கையில் இதுவரை சேரவே இல்லை என்பதைச் சீனா ஒவ்வொரு முறையும் எடுத்துக்காட்டும். அந்தக் குறை நியாயமானதுதான். ஆனால் அதனால் பிலிப்பைன்ஸின் உரிமை குறைந்துவிடாது.

இனி, தீர்ப்பால் என்னதான் மாறியது? 2019 டிசம்பரில் மலேசியா தன் கண்டத்திட்டு (கரையிலிருந்து கடலடியில் நீளும் நிலம்) எல்லை பற்றி ஐ.நா.வுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தது. சீனா ஆட்சேபித்தது. அதைத் தொடர்ந்து நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடிதம் எழுத ஆரம்பித்தன. தனக்கும் தென்சீனக் கடல் தகராறுக்கும் சம்பந்தமில்லை என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்த இந்தோனேசியா, 2020 மே மாதக் கடிதத்தில் 2016 தீர்ப்பையே சுட்டிக்காட்டியது. அப்புறம் 2022 டிசம்பரில் இந்தோனேசியாவும் வியட்நாமும் தங்கள் பொருளாதார மண்டல (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை போகும் உரிமைக் கடல்) எல்லையைப் பேசி முடித்தன. பன்னிரண்டு வருடப் பேச்சு அது. இரண்டு நாட்டுக் காவல் படகுகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்ட கடல், மீன்பிடிப் படகுகளை இந்தோனேசியா பிடித்து வெடிவைத்து மூழ்கடித்த கடல். அந்தக் கோடு சீனாவின் ஒன்பது கோடு வளைக்கும் பகுதிக்குள்ளும் போகிறது. சீனாவைக் கேட்காமலே, அதன் கோரிக்கை இல்லாததுபோலவே, இரண்டு அண்டை நாடுகள் கடலைப் பிரித்துக்கொண்டன. தீர்ப்பின் பயன் என்று நான் சொல்வது இதைத்தான். கேமராக்கள் போகாத செய்தி என்பதால் பலருக்குத் தெரியாது.

ஆசியான் ஏன் ஒன்றாக நின்று பேச முடியவில்லை என்று அடுத்து கேட்பீர்கள். ஆசியானில் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எந்த முடிவும். லாவோஸுக்குக் கடலே கிடையாது. கம்போடியாவுக்கு இந்தத் தகராறில் ஒரு பாறைகூடப் பங்கில்லை, ஆனால் சீன முதலீடு நிறைய. 2012 ஜூலையில் புனோம்பென்னில் வெளியுறவு அமைச்சர்கள் கூடியபோது, ஸ்கார்பரோ என்ற பெயரைக் கூட்டறிக்கையில் சேர்க்க பிலிப்பைன்ஸ் கேட்டது, தலைமை வகித்த கம்போடியா மறுத்தது. ஆசியானின் 45 வருட வரலாற்றில் முதல் தடவையாக அறிக்கையே இல்லாமல் கலைந்தார்கள். இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் மார்ட்டி நத்தலேகாவா தலைநகரம் தலைநகரமாகப் பறந்து ஆறு அம்சக் கொள்கை ஒன்றுக்குச் சம்மதம் வாங்கி மானத்தைக் காப்பாற்றினார். 2016-இல் தீர்ப்பு வந்து இரண்டே வாரத்தில் வியன்டியானில் கூடினார்கள். அறிக்கை வந்தது, தீர்ப்பு என்ற பேச்சே அதில் இல்லை.

நடத்தை விதிகளின் கதையும் இப்படித்தான். 2002 நவம்பரில் ஆசியானும் சீனாவும் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டன: யாரும் இல்லாத திட்டுகளில் புதிதாக ஆள் குடியேற்றக் கூடாது, நிதானம் காக்க வேண்டும், பின்னால் கட்டுப்படுத்தும் விதிகளை எழுதுவோம். 2017-இல் சட்டகம், 2018-இல் எல்லோருடைய திருத்தங்களையும் ஒட்டிய ஒற்றை வரைவு, இப்போது 2026-க்குள் முடிப்பதாக இலக்கு. மூன்று முடிச்சுகள் அப்படியே இருக்கின்றன. விதிகள் எந்தக் கடலுக்குப் பொருந்தும்? பாராசெலும் சேர வேண்டும் என்பது வியட்நாமின் நிலை. அங்கே தகராறே இல்லை என்கிறது சீனா. விதிகள் சட்டப்படி கட்டுப்படுத்துமா, வெறும் வாக்குறுதியா? அப்புறம், 2018 வரைவில் சீனா சேர்த்த நிபந்தனைகள்: வெளிநாட்டுப் படைகளோடு பயிற்சி நடத்த எல்லோர் சம்மதமும் வேண்டும், வட்டாரத்துக்கு வெளியே உள்ள எண்ணெய் நிறுவனங்களைக் கூட்டுச் சேர்க்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை ஒரு சிறிய நாடு ஏற்றுக்கொண்டால், அதன் கடலில் யாரோடு வேலை செய்வது என்று முடிவு செய்யும் உரிமையை அதுவே எழுதிக் கொடுத்துவிட்டதாக அர்த்தம். இந்தியாவுக்கும் இதில் அக்கறை உண்டு. ஓ.என்.ஜி.சி. விதேஷ் நெடுங்காலமாக வியட்நாம் கடலில் எரிவாயு எடுத்து வருகிறது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் சின்னச் சின்ன வழிகள். இரண்டாம் தாமஸ் திட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பைன்ஸின் பலவான் தீவிலிருந்து 200 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான தூரம். 1999-இல் பிலிப்பைன்ஸ் கடற்படை 'சியரா மாட்ரே' என்ற பழைய கப்பலை அங்கே வேண்டுமென்றே தரைதட்ட வைத்தது. இரண்டாம் உலகப் போருக்காக 1944-இல் கட்டிய, டாங்கிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் அது. நூறு மீட்டர் நீளம். வியட்நாம் போரையும் பார்த்துவிட்டு வந்தது. இன்று பக்கவாட்டுத் தகடுகள் துருப்பிடித்து ஓட்டை விழுந்து கிடக்கிறது. உள்ளே ஒரு சிறிய வீரர் குழு காவல் இருக்கிறது. அதிகாரபூர்வமாக அது இன்னும் கடற்படைக் கப்பல்தான். அதன் மேல் தாக்குதல் நடந்தால் 1951-இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தம் பேச்சுக்கு வந்துவிடும். அதனால் சீனா கப்பலைத் தொடாமல், அதற்கு அரிசியும் தண்ணீரும் கொண்டுபோகும் படகுகளை மறித்தது. 2024 ஜூன் 17-இல் சீனக் கடலோரக் காவல் படையினர் கத்தியும் கோடரியுமாகச் சிறு படகுகளில் வந்து பிலிப்பைன்ஸ் படகுகளைக் குத்திக் கிழித்தார்கள். ஒரு மாலுமியின் கட்டைவிரல் போனது.

அதற்கு ஒரு மாதத்துக்குப் பிறகு, 2024 ஜூலையில், இரண்டு நாடுகளும் உணவுப்பொருள் கொண்டுபோவது பற்றி ஒரு தற்காலிக ஏற்பாட்டுக்கு வந்தன. எழுத்து வடிவத்தை வெளியிடவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு தரப்பும் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன. திட்டு யாருடையது என்பதில் ஒரு அங்குலம்கூட யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அரிசி போய்ச் சேர்ந்தது, ரத்தம் சிந்தவில்லை. இருபது வருடப் பேச்சுவார்த்தை தராததை, ஒரே திட்டுக்கு, ஒரே வேலைக்கு என்று சுருக்கிப் பேசியது தந்தது.

சீனா யாரோடும் எல்லை பேசாது என்பதும் உண்மை இல்லை. 2000-இல் வியட்நாமோடு டோங்கின் வளைகுடாவைப் பிரித்துக்கொண்டது. 2004-இல் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தில் பாதிக்குச் சற்று அதிகமான பங்கு வியட்நாமுக்குத்தான் போனது. கூடவே ஒரு மீன்பிடி ஒப்பந்தம்: கோட்டின் இரண்டு பக்கமும் ஒரு பொதுப் பகுதி, அதில் இரு நாட்டுப் படகுகளும் உரிமம் வாங்கித் தொழில் செய்யலாம். அந்த மீன்பிடி ஒப்பந்தம் 2020-இல் காலாவதியானது.

மீனைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தத் தகராறில் தினமும் அடிபடுவது எண்ணெய்க் கம்பெனி இல்லை, படகுக்காரர்கள். ஸ்கார்பரோ திட்டு பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுக் கரையிலிருந்து சுமார் 220 கி.மீ. தள்ளி இருக்கும் முக்கோண வடிவப் பவளத்திட்டு. அலை ஏறினால் சில பாறைகள் மட்டும் வெளியே தெரியும். உள்ளே அமைதியான காயல், தென்கிழக்கு மூலையில் ஒரு வாசல். புயல் வந்தால் பல நாட்டு மீனவர்களும் ஒதுங்கிய இடம். 2012-க்குப் பிறகு அந்த வாசலில் சீனக் கப்பல் நிற்கிறது. 2023 செப்டம்பரில் வாசலுக்குக் குறுக்கே மிதவை வேலியே போட்டார்கள். பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல் படையின் முக்குளிப்பவர் ஒருவர் தண்ணீருக்குள் இறங்கிக் கத்தியால் அதன் கயிற்றை அறுத்தார். லூசோன் கரையில் உள்ள மாசின்லோக்கிலிருந்து போகும் மீனவர்கள் இப்போது திட்டுக்கு வெளியே ஆழக்கடலில் காத்துக் கிடக்கிறார்கள்.

2016 தீர்ப்பு இங்கே ஒரு அழகான காரியம் செய்தது. பாறை யாருடையதாக இருந்தாலும் சரி, தலைமுறை தலைமுறையாக அங்கே மீன்பிடித்த பிலிப்பினோ, சீன, வியட்நாமிய மீனவர்கள் எல்லோருக்குமே அங்கே பாரம்பரிய உரிமை உண்டு என்றது. உரிமை மீனவருடையது, அரசாங்கத்துடையது இல்லை. பிலிப்பைன்ஸ் சீன மீனவர்களைத் தடுத்தாலும் தப்புதான். இதைக் கச்சத்தீவுக்குப் பொருத்தலாமா என்று நம் ஊரில் கேட்பவர்கள் உண்டு. கவனமாகப் பொருத்த வேண்டும். ஸ்கார்பரோவில் எல்லை ஒப்பந்தம் எதுவும் இல்லை; பாக் நீரிணையில் 1974, 1976 ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அதோடு தீர்ப்பு காப்பாற்றியது சிறுதொழில் மீன்பிடியை. அடிமடி இழுவைப் படகுக்கு அந்த வாதம் உதவாது. எதிர்க்கரையில் வலை இழந்து நிற்பவர்களும் தமிழர்கள்தான்.

தீர்ப்பின் இன்னொரு பகுதி பவளத்தைப் பற்றியது. சீனாவின் ஹைனான் தீவில் உள்ள டான்மென் துறைமுகத்துப் படகுகள் ராட்சதச் சிப்பிகளுக்காகப் படகின் சுழல்விசிறியையே பவளத்தில் இறக்கி அறுத்துக் கிளறின. சிப்பி ஓடு செதுக்கு வேலைக்குப் போனது, திட்டு பொடிப்பொடியானது. சீன அதிகாரிகள் தெரிந்தும் தடுக்கவில்லை என்று மன்றம் கண்டறிந்தது. 2025 செப்டம்பரில் அதே ஸ்கார்பரோவில் தேசிய இயற்கைக் காப்பகம் அமைப்பதாகச் சீனா அறிவித்தபோது பிலிப்பைன்ஸ் கொதித்ததற்கு இந்தப் பின்னணியும் உண்டு. 1999 முதல் ஒவ்வொரு கோடையிலும் 12 பாகை அட்சரேகைக்கு வடக்கே சீனா போடும் மீன்பிடித் தடையும் இதே ரகம். இனப்பெருக்கக் காலத்தில் வலை போடாமல் இருப்பது நல்லதுதான். ஒரு நாடு மட்டும் எல்லோருக்கும் போட்டால் அது அதிகாரம் காட்டுவதாகிவிடுகிறது, அதனாலேயே வியட்நாமும் பிலிப்பைன்ஸும் எதிர்க்கின்றன, மீன் குறைந்துகொண்டே போகிறது. இதே தடையைக் கரையோர நாடுகள் கூடிப் பேசி, ஒரே தேதியில், இறையாண்மை பற்றிய யாருடைய நிலைக்கும் பங்கமில்லை என்ற ஒரு வரியோடு போடலாம். ஸ்ப்ராட்லியைக் கூட்டுக் காப்பகமாக்கலாம் என்று கடல் உயிரியலாளர்கள் 1990-களிலிருந்தே சொல்லி வருகிறார்கள்.

பெரிய நாடு தீர்ப்புக்குக் கட்டுப்படவே படாது என்று சொல்பவர்களுக்கு வங்காள விரிகுடாவைக் காட்டுவேன். 2014 ஜூலையில், இதே கடல் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றம், இந்தியாவும் வங்கதேசமும் தகராறு செய்த சுமார் 25,600 சதுர கி.மீ. கடலில் 19,467 சதுர கி.மீ.யை வங்கதேசத்துக்குக் கொடுத்தது. இந்தியா ஏற்றுக்கொண்டது. இரண்டு நாடுகளும் வருடக்கணக்காக உரிமை கொண்டாடிய நியூ மூர் தீவு அதற்குள் கடலில் மூழ்கியே போயிருந்தது. இந்தியாவுக்கு அந்தக் கடலைவிட, அண்டை நாட்டோடு தகராறு முடிந்ததுதான் லாபம் என்று நான் நினைக்கிறேன். சீனாவில் அப்படி நினைக்கும் அரசு வருமா என்பது வெளியிலிருந்து தீர்மானிக்கக் கூடியது இல்லை. ஹைனானில் இருக்கும் நீர்மூழ்கித் தளம், மலாக்கா வழியாக வரும் எண்ணெய், வரைபடத்தைப் பள்ளிப் பாடத்தில் படித்து வளர்ந்த தலைமுறைகள் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன.

ஆகவே, நடத்தை விதிகள் என்ற ஆவணம் வெளியானால் முதல் பக்கத்து அமைதி, நட்பு வாசகங்களைத் தாண்டிவிட்டு நேரே சில இடங்களைப் பாருங்கள். எந்தக் கடலுக்குப் பொருந்தும் என்று எல்லை எழுதியிருக்கிறார்களா? கடலோரக் காவல் கப்பல்களும் மீன்பிடிப் படகு வேடத்தில் திரியும் துணைப்படைப் படகுகளும் அதில் அடக்கமா? கடற்படைகளுக்கு மட்டும் என்றால் பயனில்லை, தண்ணீர் பீய்ச்சுவதும் இடிப்பதும் பெரும்பாலும் வெள்ளை வண்ணக் காவல் கப்பல்கள்தான். மீறினால் யாரிடம் புகார் செய்வது? 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைக்கு மேலாக இந்த விதிகளை வைக்கும் வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா? அப்படி ஒன்று இருந்தால், விதிகள் வராமல் இருப்பதே பிலிப்பைன்ஸுக்கும் வியட்நாமுக்கும் நல்லது.